சின்ன கேஸில் லிக்விட் கூலிங்: காற்றுக்கு வழி போடும் முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டருக்கு லிக்விட் கூலர் வாங்கிப் போட்டால் சூட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் பெரிய டவர் கேஸை விட்டுச் சின்ன கேஸுக்கு வருகிறார்கள். குழாய்க்குள் ஓடும் திரவம் ஒரு வாட் சூட்டைக்கூட இல்லாமல் ஆக்குவதில்லை. சிபியுவின் தலையில் இருந்த சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அதை அறைக்குள் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியது காற்றுதான். பெரிய கேஸில் காற்று எப்படியோ தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். 20 லிட்டருக்குள் அடங்கும் பெட்டியில் அந்த வழியை நீங்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அதனால் "ரேடியேட்டரை எங்கே மாட்டலாம்?" என்ற கேள்வியோடு ஆரம்பிக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டுக்குப் புதுக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், சூடான காற்று எந்தப் பக்கம் வெளியே போகும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மிச்சம் இருக்கும் இடத்தில் ரேடியேட்டர் உட்காரட்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த வரிசையில்தான் போகப்போகிறது.

உதாரணத்துக்கு ஒரு கேஸ்

பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஒன்றும் கைக்கு வராது. எனவே பலரும் வாங்கிய ஒரு கேஸை எடுத்துக்கொள்கிறேன்: 2020-ல் வந்த கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. கொள்ளளவு 18.25 லிட்டர். மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு பவர் சப்ளை, 330 மி.மீ. நீளம் வரை கிராபிக்ஸ் கார்டு. மேலே இரண்டு 120 மி.மீ. ஃபேன், அடியில் இரண்டு, பின்னால் ஒரு 92 மி.மீ. ஃபேன் வைக்க இடம் உண்டு. மதர்போர்டுக்கு எதிரே, பக்கவாட்டில், 280 மி.மீ. வரை ரேடியேட்டர் மாட்ட ஒரு பிராக்கெட் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, துளையிட்ட இரும்புக் கதவு இரண்டும் கூடவே வரும். பக்கவாட்டில் ரேடியேட்டர் மாட்டப்போகிறீர்கள் என்றால் கண்ணாடிக் கதவைப் பெட்டியை விட்டு எடுக்கவே வேண்டாம். ரேடியேட்டருக்கு முன்னால் கண்ணாடி இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்கிற மாதிரிதான்.

உள்ளே வைக்கும் பாகங்களாக அதே ஆண்டு வந்த ஒரு ஜோடியை வைத்துக் கணக்குப் போடுவோம். சிபியு ரைசன் 7 5800எக்ஸ். 105 வாட் என்று விவரக் குறிப்பில் இருந்தாலும் முழு வேலை கொடுத்தால் 142 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. அது 320 வாட். உங்களிடம் வேறு பாகங்கள் இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

கூலர் என்று இங்கே நான் சொல்வது ஏஐஓ என்ற பெயரில் கடையில் கிடைப்பதை. பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் கம்பெனியிலேயே சேர்த்து, திரவம் நிரப்பி, மூடி அனுப்புவார்கள். தனித்தனியாகப் பாகம் வாங்கி நீங்களே கட்டும் கஸ்டம் லூப்புக்கும் காற்றின் விதிகள் இவைதான். ஆனால் சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் ஒரே 240 மி.மீ. ரேடியேட்டரில் கோத்து 400 வாட்டைத் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஃபேன் இரைச்சலைக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

படி 1: எத்தனை வாட், எவ்வளவு காற்று

இந்தப் படியை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை, அடுத்து எடுக்கும் எல்லா முடிவுக்கும் இதுதான் அடிப்படை.

கேம் ஆடும்போது 5800எக்ஸ் 142 வாட்டைத் தொடுவது அபூர்வம். 90 வாட் என்று வைத்துக்கொள்வோம். கார்டு 320. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு 30. மொத்தம் 440 வாட். பவர் சப்ளை தன் ஃபேனால் வெளியிலிருந்து இழுத்து வெளியிலேயே விடும்படி மாட்டியிருந்தால் அதன் சூடு இந்தக் கணக்கில் வராது.

இனி சூத்திரம். வாட்டை 1.76 ஆல் பெருக்கி, காற்று எத்தனை டிகிரி சூடேறலாம் என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்பது கிடைக்கும். ஃபேன் பெட்டியில் சிஎஃப்எம் என்று போட்டிருப்பது இந்த அளவைத்தான். உள்ளே வரும் காற்றைவிட வெளியே போகும் காற்று 10 டிகிரி மட்டுமே கூடுதல் சூடாக இருக்க வேண்டும் என்றால் 440 வாட்டுக்குச் சுமார் 77 சிஎஃப்எம் வேண்டும். 15 டிகிரி வரை பரவாயில்லை என்றால் 52 போதும்.

ஆர்க்டிக் பி12 போன்ற ஒரு சாதாரண 120 மி.மீ. ஃபேன் 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) 56.3 சிஎஃப்எம் தரும் என்கிறது அதன் விவரக் குறிப்பு. இரண்டு ஃபேன் வைத்தால் 112 ஆயிற்றே, தாராளம் என்று தோன்றும். அந்த எண் எதிரே தடையே இல்லாத வெட்டவெளியில் அளந்தது. துளைத் தகடு, தூசி வலை, ரேடியேட்டரின் துடுப்புகள் (மெல்லிய உலோகத் தகடுகள்) எல்லாவற்றையும் தாண்டி வரும்போது அது பாதியாகக்கூடக் குறையும். இரைச்சல் பிடிக்காமல் வேகத்தை 1200-க்கு இறக்கினால் இன்னும் குறையும். அதாவது சின்ன கேஸில் வீணடிக்க உபரிக் காற்று என்று ஒன்று கிடையாது.

ரேடியேட்டரில் மாட்டும் ஃபேனுக்கு சிஎஃப்எம்மைவிட ஸ்டாட்டிக் பிரஷர் என்ற எண்ணைப் பாருங்கள். தடையை எதிர்த்துக் காற்றைத் தள்ளும் பலம் அது. மேலே சொன்ன பி12-க்கு 2.2 மி.மீ. நீர் அழுத்தம், நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25-க்கு 2.34. வெளியேற்றும் இடத்தில் வெறும் துளைத் தகடு மட்டும் இருந்தால் இந்த எண்ணைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

படி 2: அறையின் சூட்டைக் கணக்கில் சேருங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் வெப்பநிலை 20, 22 டிகிரி அறையில் எடுத்தது. ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் பிற்பகல் 35-ஐத் தாண்டும். அந்த வித்தியாசம் அப்படியே உங்கள் கூலரின் திரவத்தில் வந்து உட்காரும். அறை 13 டிகிரி கூடினால் திரவமும் கிட்டத்தட்ட 13 டிகிரி கூடும். எந்த ஃபேனாலும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது.

ஏஐஓ கூலர்களின் திரவம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக வைக்கும் எல்லை. பம்ப், குழாய், இணைப்பு ரப்பர் எல்லாம் அந்த அளவுக்குத்தான். 24 டிகிரி ஏசி அறையில் உங்களுக்கு 36 டிகிரி இடைவெளி கையிருப்பு. 36 டிகிரி அறையில் வெறும் 24. அதே கேஸ், அதே கூலர், அதே ஃபேன். ஆகவே இனி எல்லா அளவையும் "அறையைவிட எத்தனை டிகிரி அதிகம்" என்றே எழுதுங்கள். நேற்று இரவு 62, இன்று மதியம் 71 என்று குழம்பாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. காசு மிச்சம் பார்க்காமல் ஒரு சின்ன அறை வெப்பமானி வாங்கி, கேஸ் காற்றை இழுக்கும் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

படி 3: வழியை வரையுங்கள்

ஒரு தாளில் கேஸை வரைந்து அம்புக்குறி போடுங்கள். சிரிக்காதீர்கள். கேஸுக்குள் ஆறு ஃபேனை வைத்துவிட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம்.

என்ஆர்200பியில் கார்டு கேஸின் அடிப்பகுதியில், ஃபேன்கள் கீழே பார்க்கும்படி படுத்திருக்கும். அடித்தகடு முழுக்கத் துளை. எனவே முதல் அம்பு அடியிலிருந்து மேலே. கார்டுக்கு நேரடிப் புதுக்காற்று. இரண்டு ஸ்லாட் (கேஸில் கார்டு உட்காரும் இடம்) தடிமன் உள்ள கார்டு என்றால் அடியில் 25 மி.மீ. தடிமன் ஃபேன் வைக்க முடியும். கார்டு அதைவிடத் தடி என்றால் 15 மி.மீ. ஸ்லிம் ஃபேன். மூன்று ஸ்லாட்டை முழுதாக அடைக்கும் கார்டு என்றால் அடியில் ஃபேனே வேண்டாம், கார்டின் சொந்த ஃபேன்களே அடித்தகட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். அடி ஃபேனும் கார்டு ஃபேனும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கினால் ஒரு விதமான ரீங்காரம் கிளம்பும். அந்த இரைச்சலுக்கு ஈடாகக் கிடைப்பது இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் நான் ஃபேனைக் கழற்றிவிடுவேன்.

இரண்டாவது அம்பு மேலே, வெளியே. இரண்டு 120 மி.மீ. ஃபேனும் வெளியேற்றும் திசையில். இதில் விவாதமே இல்லை. பின்னால் உள்ள 92 மி.மீ. இடமும் வெளியேற்றவே, வைத்தால்.

மிச்சம் பக்கவாட்டு ரேடியேட்டர். உள்ளே இழுப்பதா, வெளியே தள்ளுவதா? சின்ன கேஸ் ஆட்கள் ஓயாமல் சண்டை போடுவது இதில்தான். எண்ணில் பார்த்தால் சண்டை பாதி அடங்கிவிடும்.

உள்ளே இழுத்தால்: அறைக்காற்று நேராக ரேடியேட்டருக்கு. சிபியுவின் 90 வாட் 40 சிஎஃப்எம் காற்றில் ஏறினால் அந்தக் காற்று 4 டிகிரி சூடாகிக் கேஸுக்குள் வரும். கார்டு அந்தக் காற்றை முழுவதும் சுவாசிக்கப்போவதில்லை. அதற்கு அடியிலிருந்து தனி வழி இருக்கிறது. ஆக, கார்டுக்கு இழப்பு அதிகபட்சம் இரண்டு மூன்று டிகிரி.

வெளியே தள்ளினால்: கார்டின் 320 வாட்டில் சூடான காற்று ரேடியேட்டர் வழியாக வெளியேறும். 60 சிஎஃப்எம் காற்றில் அந்த 320 வாட் முழுவதும் கலந்தால் காற்று அறையைவிட 9 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். திரவம் அந்த 9-ஐச் சுமந்துகொண்டுதான் தன் கணக்கைத் தொடங்கும். 36 டிகிரி அறையில் 24 டிகிரி கையிருப்பு என்றோமே, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கேயே போய்விட்டது.

ஆகவே இந்தக் கேஸில், இந்த ஜோடிக்கு, அடியில் உள்ளே, பக்கவாட்டில் ரேடியேட்டர் வழியாக உள்ளே, மேலே வெளியே. இரண்டு சூடான பாகங்களுக்கும் ஆளுக்கொரு புதுக்காற்று வாசல், பொதுவாக ஒரு வெளி வாசல்.

இன்னொரு லாபமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண காற்றுக் கூலர் சிபியுவை மட்டும் குளிர்விப்பதில்லை. அதன் ஃபேனிலிருந்து சிதறும் காற்று பக்கத்தில் உள்ள விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி), ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் தடவிப்போகும். ஏஐஓ வைத்த அன்றே அந்தக் காற்று நின்றுவிடுகிறது. ரேடியேட்டரை உள்ளே இழுக்கும்படி வைத்தால் அதன் காற்று மதர்போர்டு மேலேயே போய் விழும். அது சூடான காற்றாயிற்றே என்றால், ரேடியேட்டரைத் தாண்டிய காற்று உள்ளே ஓடும் திரவத்தைவிடச் சூடாக முடியாது. திரவம் 45 டிகிரி என்றால் காற்று அதற்கும் கீழேதான். 80 டிகிரியில் இருக்கும் விஆர்எம்முக்கு அது தென்றல்.

இந்தக் கணக்கு எல்லாக் கேஸுக்கும் பொருந்தாது. லியான் லி ஏ4-எச்2ஓ போன்ற 11 லிட்டர் சாண்ட்விச் வகைக் கேஸில் மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவில் தடுப்பு. கார்டு தன் பக்கக் கதவின் துளைகளிலிருந்து நேராக இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டருக்குக் கூரையைத் தவிர வேறு இடமில்லை, அங்கே அது வெளியேற்றத்தான் வேண்டும். வெளியேற வேறு ஃபேன் கிடையாதே. கூரையிலிருந்து உள்ளே ஊதினால் சூடு அடைபட்டு நிற்கும். அப்படிப்பட்ட கேஸில் சிபியுவின் திரவம் சில டிகிரி கூடுதலாக ஓடுவதை ஏற்றுக்கொண்டு, சிபியுவின் வாட்டைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். 5800எக்ஸை 65 வாட் ஈகோ மோடு என்ற மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பில் போட்டால் அது இழுக்கும் உச்சம் 142-லிருந்து 88 வாட்டுக்கு இறங்கிவிடும். கேமில் வித்தியாசம் தெரிவது கடினம். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஒரு மாற்றம், காசு செலவில்லை. புது ஃபேன் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்காதவர்களைக் கண்டால் எனக்கு ஆச்சரியம்தான்.

படி 4: பம்ப் உச்சியில் இருக்கக் கூடாது

என்ஆர்200பியின் அடியில் 240 மி.மீ. ரேடியேட்டர் மாட்டலாம் என்று விவரக் குறிப்பு சொல்கிறது. இடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி மாட்டினால் சிபியு மேல் உள்ள பம்ப், ரேடியேட்டரைவிட மேலே போய்விடும். எந்த ஏஐஓவிலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். வருடம் போகப்போக ரப்பர் குழாயின் வழியே திரவம் மெல்ல ஆவியாகிக் கசிய, அந்தக் காற்று கூடும். காற்று எப்போதும் உச்சியைத் தேடிப்போகும். உச்சியில் பம்ப் இருந்தால் பம்ப் காற்றைக் குடித்துக் களகளவென்று சத்தம் போட்டு, ஒரு நாள் செத்துப்போகும்.

பக்கவாட்டு பிராக்கெட்டில் 280 ரேடியேட்டர் முன்பின்னாகப் படுத்த வாக்கில் உட்காரும். அதன் முனைத் தொட்டியின் மேல் விளிம்பு பம்ப்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து குனிந்து பாருங்கள். இருந்தால் காற்று அங்கே போய் அமைதியாகக் கிடக்கும். கேஸைப் படுக்கவைத்துப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் அந்த நிலையில் மறுபடியும் பாருங்கள். பம்ப் ரேடியேட்டரிலேயே பொருத்தப்பட்ட மாடல்களில் அந்தப் பம்ப் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: திருகுவதற்கு முன் வெறுமனே வைத்துப் பாருங்கள்

சாதாரண ரேடியேட்டர் 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25 மி.மீ. சேர்த்து 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 போன்றவற்றில் ரேடியேட்டரே 38 மி.மீ., மொத்தம் 63. அந்த 11 மி.மீ. பெரிய கேஸில் ஒரு பொருட்டில்லை. இங்கே ரேம் குச்சியின் உயரமும் மதர்போர்டின் பவர் கேபிளும் அந்த இடத்துக்குத்தான் போட்டிபோடும். எந்தத் திருகையும் போடாமல் மதர்போர்டு, கார்டு, ரேடியேட்டர், மேல் ஃபேன் நான்கையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அகலமான கார்டு ரேடியேட்டரின் கீழ் விளிம்பில் இடிக்கலாம். குழாய் மேல் ஃபேனின் இறக்கையில் படலாம். குழாயை எந்த இடத்திலும் மடிப்பு விழும்படி வளைக்காதீர்கள். குழாய் முனை கேஸின் முன்பக்கம் வருமா பின்பக்கம் வருமா என்பதை இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஃபேனின் திசை: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். சில ஃபேன்களின் விளிம்பில் அம்புக்குறி இருக்கும். நான்கு திருகைப் போட்டு முடித்தபிறகு இதைச் சரிபார்ப்பது நமக்குப் பழக்கம், முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

ரேடியேட்டருக்கு வெளிப்பக்கம் ஃபேன் வைத்துத் தள்ளுவதா, உள்பக்கம் வைத்து இழுப்பதா? குளிர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. சுத்தம் செய்வதில் நிறைய இருக்கிறது. ஃபேன் உள்பக்கம் இருந்து இழுத்தால் தூசி ரேடியேட்டரின் வெளிமுகத்தில் படியும், கதவைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும், பிரஷ்ஷால் தள்ளிவிடலாம். ஃபேன் வெளிப்பக்கம் இருந்து தள்ளினால் தூசி ஃபேனுக்கும் துடுப்புக்கும் நடுவில் கம்பளி மாதிரி பின்னிக்கொள்ளும், எல்லாவற்றையும் கழற்றினால்தான் தெரியும். நம் ஊர்த் தூசிக்கு இழுக்கும் வகையே மேல். ஃபேனின் வாய் துளைத் தகட்டை ஒட்டியே இருந்தால் ஊளை கேட்கும் என்பதும் இதே பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம்.

படி 6: ஓட்டைகளை அடையுங்கள்

இந்த வழிகாட்டியில் காசு குறைவு, பலன் அதிகம் என்று ஒரு படி இருந்தால் அது இதுதான்.

காற்று சோம்பேறி. துடுப்புகளுக்குள் நுழைந்து போவதைவிட ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் சந்து வழியாகச் சுற்றிப்போவது அதற்குச் சுலபம். என்ஆர்200பி போன்ற கேஸில் கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் துளை. பார்க்க நன்றாகக் காற்றோட்டம் இருக்கும்போல் தோன்றும். ஆனால் கார்டு தள்ளும் சூடான காற்று பக்கக் கதவின் கீழ்ப் பாதித் துளைகளில் வெளியேறி, ஒரு சாண் தள்ளி மேலே ரேடியேட்டர் அதே காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நீங்கள் புதுக்காற்று வாசல் என்று வரைந்த அம்பு பழைய காற்றைத்தான் கொண்டுவருகிறது.

ஹார்டுவேர் கடையில் கதவு, ஜன்னல் சந்துக்கு ஒட்டும் பஞ்சு டேப் கிடைக்கும். ரேடியேட்டரின் நான்கு விளிம்பிலும் அதை ஒட்டி, கதவை மூடும்போது பஞ்சு தகட்டில் அழுந்தும்படி செய்யுங்கள். ரேடியேட்டர் இனித் தன் எதிரே உள்ள துளையிலிருந்து மட்டுமே இழுக்கும். மேல் ஃபேன்களைச் சுற்றி மிச்சம் இருக்கும் கூரைத் துளைகளையும் உள்பக்கமாக டேப் போட்டு அடையுங்கள். இல்லாவிட்டால் வெளியே தள்ளிய காற்று அந்த ஓரத்திலேயே திரும்ப உள்ளே வரும். ரேடியேட்டரும் ஃபேனும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் அங்கேயும் மெல்லிய பஞ்சு.

அடைக்கக் கூடாத இடம் பவர் சப்ளையின் ஃபேன் பார்க்கும் துளை. அதைத் தொடாதீர்கள்.

கேஸ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். கம்ப்யூட்டருக்கு நல்ல வேலை கொடுத்துவிட்டு, புகையை ஒவ்வொரு பக்கமாக வெளியிலிருந்து காட்டுங்கள். சாம்பல் உள்ளே விழாத தூரம் இருக்கட்டும். இழுக்க வேண்டிய இடத்தில் புகை உள்ளே வளைய வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியில் வெளியே தள்ளப்பட்டு, மேலே ஏறி, ரேடியேட்டருக்குள் நுழைந்தால் அடைக்க வேண்டிய இடம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 7: ஃபேன்களை எதைப் பார்த்து ஓடச்சொல்வது

பம்ப்பை மதர்போர்டில் பம்ப்புக்கு என்று உள்ள இணைப்பில் செருகி, வேகத்தை மாறாமல் வையுங்கள். 80 முதல் 100 சதவீதம். பம்ப்பை ஏற்றி இறக்குவதில் எந்த லாபமும் இல்லை.

ரேடியேட்டர் ஃபேனை சிபியு வெப்பநிலையைப் பார்த்து ஓடவிடுவதுதான் எல்லோரும் செய்வது, இரைச்சலுக்கு முதல் காரணமும் அதுதான். பிரவுசர் திறந்தால் சிபியு ஒரு நொடியில் 20 டிகிரி துள்ளும், ஃபேன் உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். திரவம் அப்படித் துள்ளாது. கால் லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி ஏற்ற 100 வாட் சூடு பத்து நொடி உழைக்க வேண்டும். உங்கள் கூலர் திரவத்தின் வெப்பநிலையைக் காட்டும் என்றால் ஃபேனை அதற்குக் கட்டுங்கள். காட்டாது என்றால் பயாஸிலோ ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளிலோ வேகம் ஏறுவதற்கான தாமதத்தைக் கூட்டுங்கள்.

அடி ஃபேன்கள் கார்டின் வெப்பநிலையைப் பார்க்கட்டும். மேல் ஃபேன்கள் சிபியு, கார்டு இரண்டில் எது அதிகமோ அதைப் பார்க்கட்டும். ஃபேன் கன்ட்ரோலில் இப்படி இரண்டைக் கலந்து பெரியதை எடுக்கும் வசதி இருக்கிறது. மதர்போர்டின் சொந்த மென்பொருள் பலவற்றில் கார்டைப் பார்க்கும் வசதியே கிடையாது. அதனால்தான் கேம் ஆடும்போது கார்டு வெந்துகொண்டிருக்க, சிபியு சாந்தமாக இருக்கிறதே என்று மேல் ஃபேன் தூங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் சந்துகள் வழியாகத் தூசி வராது. அதற்காகக் கூரை ஃபேன்களைச் சற்று மெதுவாக வைத்துத் தொடங்குங்கள். ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு ஃபேன்கள் சேர்ந்து ஊங் ஊங் என்று அலையடித்தால் ஒன்றை 50 ஆர்பிஎம் தள்ளி வையுங்கள், நின்றுவிடும்.

படி 8: அளந்து பாருங்கள்

வெப்பநிலைகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற மென்பொருளைத் திறந்துவைத்து, நீங்கள் உண்மையில் ஆடும் கேமை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடச் சோதனை லிக்விட் கூலிங்கில் பொய் சொல்லும். திரவம் தன் உச்சத்துக்கு வரவே நேரம் எடுக்கும். குறித்துக்கொள்ள வேண்டியவை: அறை, திரவம், சிபியு, கார்டு, கார்டின் மெமரி, எஸ்எஸ்டி. 3080-இல் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்டு 72 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மெமரி அங்கே போய் நிற்பதுண்டு.

அடுத்து பக்கக் கதவை மட்டும் கழற்றிவிட்டு அதே சோதனை. இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கியது என்றால் காற்றோட்டத்தில் இதற்குமேல் பிடுங்க ஒன்றுமில்லை, நிம்மதியாகக் கேம் ஆடலாம். எட்டுப் பத்து இறங்கினால் கதவோ வலையோ மூச்சை அடைக்கிறது, அல்லது சூடான காற்று சுற்றிச்சுற்றி வருகிறது. படி 6-க்குத் திரும்புங்கள்.

ரேடியேட்டரைத் திருப்பி வெளியே தள்ளும்படியும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நான் மேலே போட்ட கணக்கு உங்கள் கார்டுக்குப் பொருந்தாமல் போகலாம். சிபியு 88 வாட்டுக்குள் அடங்கி, கார்டின் மெமரிதான் தலைவலி என்றால் வெளியே தள்ளும் அமைப்பு வெல்லக்கூடும். ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஃபேனைத் திருப்பி, அதன் வேக அமைப்பையும் மாற்றி, பஞ்சும் ஒட்டினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

எண்கள் வந்தபிறகு குறையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. திரவத்தின் வெப்பநிலை குறைவாக இருந்தும் சிபியு 90-ஐத் தொடுகிறதா? காற்றின் மேல் பழிபோடாதீர்கள். பம்ப் தலை சரியாக அழுந்தவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் பரவவில்லை. 5800எக்ஸ் சின்னச் சில்லில் சூட்டைக் குவிப்பதால் திரவம் குளிர்ந்திருந்தாலும் 80-க்கு மேல் காட்டுவது அதன் சுபாவம் என்பதையும் மறக்க வேண்டாம். திரவம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய் நிற்காமல் இருக்கிறதா? ரேடியேட்டருக்குப் புதுக்காற்று வரவில்லை. கார்டு மட்டும் சூடு என்றால் கேஸின் அடியைப் பாருங்கள். மேசையிலிருந்து கேஸின் கால் எவ்வளவு உயரம்? இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தும் ரப்பர் கால் ஒட்டினால் அடி ஃபேன்களுக்கு உயிர் வரும். கம்பள விரிப்பின் மேல் வைத்திருந்தால் பேச்சே இல்லை. எஸ்எஸ்டி மட்டும் சூடு என்றால் அது மதர்போர்டின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் ஸ்லாட்டாகத்தான் இருக்கும். அங்கே எந்த ஃபேனின் காற்றும் எட்டாது. தெர்மல் பேடு (சூட்டைக் கடத்தும் மெத்தை) வைத்துப் பின்தகட்டோடு ஒட்டவிடுங்கள்.

பராமரிப்பு

அடி வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். கேஸ் தரையில் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ரேடியேட்டரின் முகத்தை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் துடுப்புகளின் நீளவாக்கில் தள்ளுங்கள், குறுக்கே தேய்த்தால் துடுப்பு மடங்கும். ஊதும் மெஷின் பிடிப்பதென்றால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அரைமணிச் சோதனையை ஓட்டி, அறையைவிடத் திரவம் எத்தனை டிகிரி அதிகம் என்று பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். ஐந்து டிகிரி கூடியிருந்தால் முதலில் தூசியைச் சந்தேகியுங்கள். சுத்தம் செய்தும் இறங்கவில்லை, கூடவே பம்ப்பிலிருந்து நீர் சலசலக்கும் சத்தம் கேட்கிறது என்றால் கேஸை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து, காற்றுக் குமிழி ரேடியேட்டரின் மேல் விளிம்புக்குப் போகிறதா என்று பாருங்கள். போகாமல் சத்தம் தொடர்ந்தால் உள்ளே திரவம் குறைந்துவிட்டது. மூடிய ஏஐஓவில் பெரும்பாலும் மறுபடி நிரப்ப வழி இருக்காது. வாரண்டி அட்டையில் தேதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் புதுசுக்குக் காசு எடுத்துவைக்க வேண்டியதுதான்.